முள்ளங்கிக்கு ஆகாத செடி

செஷானா சந்தையில் விதை விற்ற மிலோய்கா
ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:
முள்ளங்கிக்கு இது ஆகாது.
ஏன் என்றேன்.
சில்லறையை எண்ணியபடி தோளைக் குலுக்கினாள்.
சில பேருக்குச் சில பேரை ஆகாது இல்லையா,
அப்படித்தான்.

முட்டை அட்டையின் குழிகளில்
மார்ச் மாதம் விதைத்தேன்.
பன்னிரண்டில் ஏழு முளைத்தன.
இரண்டின் மேல் பூனை படுத்துக்கொண்டது.
மீதி ஐந்தும் மே மாதம் வெளியே போயின,
தெற்குச் சுவரோரம்,
மண்ணைவிடக் கல் மிகுந்த இடத்துக்கு.
இந்த மலையில் எங்கே கொத்தினாலும்
மண்வெட்டிக்கு முதலில் பதில் சொல்வது
சுண்ணாம்புக்கல்தான்.
தக்காளி முகம் சுளித்தது, பீன்ஸ் செத்தே போனது.
ஈசோப்பு மட்டும்
தண்ணீர் ஊற்ற மறந்த வாரங்களில்
ஒரு சாண் வளர்ந்தது.
உனக்கென்றே பிறந்த செடி என்றான் ஸ்டோயான்.

அந்தக் குளிர்காலம் பூர்யா காற்று
பக்கத்துக் கூரையின் ஓடுகளை,
அவற்றின் மேல் அடுக்கியிருந்த கற்களோடு,
தெருவில் இறக்கிவைத்தது.
காலையில் போய்ப் பார்த்தேன்.
ஐந்து செடியும் காற்று சீவிய பக்கமாகத்
தலை வாரி நின்றன.

மறு ஜூலையில் நீலம்.
கதிரின் ஒரு பக்கத்தில் மட்டும் பூக்கிறது,
யாரோ படம் எடுக்கிறார்கள் என்று
எல்லாரும் ஒரே திசையில் திரும்பியதுபோல.
முட்டைக்கோசைத் தின்ன வந்த
வெள்ளைப் பட்டாம்பூச்சிகள்
வந்த வேலையை மறந்து அங்கேயே சுற்றின.
வெகோஸ்லாவின் தேனீக்களும் வந்தன.
ஆகஸ்டில் ஒருநாள் வெகோஸ்லாவே வந்தார்,
சுவருக்கு மேலே ஒரு தேன் சீசாவை வைத்து
"வாடகை" என்றார்,
போய்விட்டார்.

பாதிப் பூவில் அறுக்க வேண்டும்.
ஈரம் காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்பு.
பரணில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால்
பத்து நாளில் உதிரும்.
நாக்கில் வைத்தால்
புதினாவும் கற்பூரமும் தகராறு செய்வதைப் போலிருக்கும்.
கடைசியில் வெல்வது கசப்பு.
அவரைக்கொட்டையும் புளித்த கோசும் வேகும் பானையில்
ஒரு சிட்டிகை போதும்.
இரண்டு போட்ட அன்று
நாயும் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் இருமலுக்கு, தேனோடு,
அதை மிஞ்ச எதுவுமில்லை.
விதைப் பொட்டலத்தையே வெட்டிச்
சீசாவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.
பின்பக்கத்துப் பொடி எழுத்துகள்தான் வெளியே தெரியும்:
ஆழம் அரை சென்டிமீட்டர். இடைவெளி முப்பது.
அப்புறம், கருவுற்ற பெண்களுக்கு ஆகாது.

மூன்று குளிர்காலம்
அந்த வரியைத் தாண்டித்தான் மூடியைத் திறந்தேன்.
எனக்குச் சொல்லவில்லை என்று,
யாருக்கோ வந்த கடிதத்தைப் போல.
ஒரு பிப்ரவரியில் மட்டும்
கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டு
இரண்டு கோப்பை குடித்தேன்.

நேற்று ராத்திரி ஸ்டோயானுக்கு இருமல்.
தண்ணீர் கொதித்தது.
பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்தேன்.
ஒரு கரண்டி போட்டேன்.
இரண்டாவது கரண்டி சீசாவுக்குள்ளேயே நின்றது.

எனக்கு ஊற்றவில்லையா என்று யாரும் கேட்காத
ஒரு நிமிஷம்
வீட்டில் காற்று மட்டும் இருந்தது.
பிறகு அவன் கேட்டான்:
உனக்கு?

முள்ளங்கிக்கு ஆகாது, என்றேன்.

சிரித்தான். சிரிப்பு இருமலாகி
இருமல் பாதியில் நின்றது.
எழுந்து வந்து சீசாவை
விளக்குக்கு நேரே பிடித்தான்.
கண்ணாடியைத் தேடினான்
மேசையில், ஜன்னலில், கோட்டுப் பையில்.
அவன் தலையில்தான் இருந்தது.
நான் சொல்லவில்லை.
தேடட்டும்.